ஆக்கலும் காத்தலும்

ஏரியை வெட்டியவர் பெயர் ஊரில் நிலைத்து நிற்கும். ஆண்டுதோறும் கரையை உயர்த்தி, தூர் வாரி, மதகின் பழுதை நீக்கியவர் பெயர் எவர் நினைவிலும் இராது. ஆயினும் இன்று அந்த ஏரியில் நீர் நிற்கிறதென்றால், அது வெட்டியவர் ஒருவரால் மட்டும் நிற்கவில்லை. வரலாறு எழுதுவோர் பெரும்பாலும் ஆக்கியோரையே போற்றுகின்றனர்; காத்தோரை அடிக்குறிப்பிலும் சேர்ப்பதில்லை. இக்குறையைச் சிறிதளவேனும் போக்கும் கருத்துடன், நம் கண்முன்னே நிகழ்ந்த ஒரு காத்தற்பணியின் வரலாற்றை இன்று நேயர்களுக்கு எடுத்துரைக்க எண்ணுகிறேன். அதில் மன்னரும் இல்லை, போரும் இல்லை. கணினி நிரல்களை ஒரு நிலத்திலிருந்து மற்றொரு நிலத்திற்குப் பெயர்த்து நடும் ஒரு கருவித்தொடரின் வரலாறு அது. அதன் பெயர் எம்ஸ்கிரிப்டன்.

முப்பத்தைந்து ஆண்டுகள் பிள்ளைகளுக்குக் கணக்குக் கற்பித்து, தலைமையாசிரியனாக ஓய்வு பெற்ற ஒருவனுக்கு இப்பொருளில் என்ன வேலை என்று நேயர்கள் வினவலாம். கணக்கு ஆசிரியனுக்குக் கணினி அயலான் அன்று. ஓய்வுக்காலத்தில் படிப்பதற்கு நேரமும் உண்டு. மேலும், ஆசிரியப் பயிற்சியில் எங்களுக்கு முதலிற் கற்பித்த விதி, தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்ல வேண்டும் என்பது. அவ்விதியையே துணையாகக் கொண்டு தொடங்குகிறேன்.

கணினிக்குத் தெரிந்தவை மிகச் சிறிய கட்டளைகளே. இந்த எண்ணை எடு, அதனோடு இதைக் கூட்டு, விடையை அங்கே வை, விடை சுழியானால் இன்ன இடத்திற்குத் தாவு என்பன போன்றவை அவை. மனிதர் அவ்வாறு எழுதினால் ஒரு சிறு நிரலை எழுதி முடிப்பதற்குள் ஆயுள் முடிந்துவிடும். ஆதலின், மனிதருக்கு ஓரளவு இயல்பான சி, சி பிளஸ் பிளஸ் முதலிய மொழிகளில் நிரலை எழுதுகின்றனர். அதனைக் கணினியின் கட்டளைகளாக மாற்றித் தரும் மொழிபெயர்ப்பாளனுக்குக் கம்பைலர் என்று பெயர். அதுவும் ஒரு நிரலே. அது தனித்து நிற்பதில்லை. மொழிபெயர்ப்பது ஒன்று, பெயர்த்த பகுதிகளை இணைப்பது ஒன்று, தேவையற்றதைச் செதுக்கி எறிவது ஒன்று எனப் பல கருவிகள் ஒன்றன்பின் ஒன்றாக நின்று பணி செய்யும். நெல் அரிசியாவதற்கு ஊறலும் அவியலும் உலர்த்தலும் குற்றலும் புடைத்தலும் முறையாக வேண்டுமன்றோ? அதுபோன்றதே கருவித்தொடர்.

இனி மற்றொரு புறத்தைப் பார்ப்போம். இணையத்தைக் காண நாம் பயன்படுத்தும் உலாவி என்னும் சாளரத்திற்குத் தெரிந்த மொழி நெடுங்காலம் ஒன்றே ஒன்றுதான். 1995ஆம் ஆண்டு நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிரெண்டன் ஐக் என்பவர் பத்தே நாட்களில் அதன் முதல் வடிவத்தை இயற்றினார். ஜாவாஸ்கிரிப்ட் என்பது அதன் பெயர். பக்கங்களுக்குச் சிறிது உயிரூட்டுவதற்காகப் பிறந்த அம்மொழியின்மேல் உலகம் நாளடைவில் மாளிகைகளையே எழுப்பிவிட்டது. ஆனால் அதற்கு முன்னும் பின்னும் சி, சி பிளஸ் பிளஸ் மொழிகளில் எழுதப்பெற்ற பெருஞ்செல்வம் முழுவதும் உலாவியின் வாயிலுக்கு வெளியே நின்றது. உள்ளே வர அதற்கு மொழி தெரியாது. இடைக்காலத்தில் ஆப்லெட் என்றும் பிளாஷ் என்றும் பல துணைச்செருகல்கள் வந்தன. அவற்றைத் தனியே நிறுவ வேண்டும். பாதுகாப்பிலும் ஓட்டைகள் மிகுதி. ஒவ்வொன்றாக அவை காலாவதியாயின.

இந்நிலையில் 2010ஆம் ஆண்டு, மொசில்லா நிறுவனத்தில் பணிபுரிந்த அலோன் ஸகாய் என்பவர் ஒரு துணிவான முயற்சியைத் தொடங்கினார். வெளியே நிற்கும் செல்வத்திற்கு ஜாவாஸ்கிரிப்டையே கற்பித்து உள்ளே அழைத்துவந்தால் என்ன என்பது அவர் எண்ணம். இதற்கு அவருக்குக் கைகொடுத்தது எல்.எல்.வி.எம். என்னும் வேறொரு பெரும்பணி. 2000ஆம் ஆண்டு அமெரிக்க நாட்டு இல்லினாய் பல்கலைக்கழகத்தில் கிறிஸ் லாட்னர் என்னும் மாணவர், பேராசிரியர் விக்ரம் அட்வே அவர்களின் வழிகாட்டலில் தொடங்கியது அது. எந்த மொழியில் எழுதிய நிரலையும் முதலில் ஒரு நடுநிலை வடிவத்திற்குக் கொணர்ந்து, பின் அங்கிருந்து எந்தப் பொறிக்கும் ஏற்ற கட்டளையாக மாற்றுவது அதன் முறை. எனவே ஸகாய் சி மொழி முழுவதையும் ஆராய வேண்டியதில்லை. அந்நடுநிலை வடிவத்தை ஜாவாஸ்கிரிப்டாக மாற்றினால் போதும்.

போதும் என்று சொல்வது எளிது, செய்வது அரிது. நடுநிலை வடிவில் நிரல் சிறுசிறு துண்டுகளாகக் கிடக்கும். ஒரு துண்டின் முடிவில், அடுத்து இன்ன துண்டிற்குத் தாவு என்னும் கட்டளை இருக்கும். ஜாவாஸ்கிரிப்டிலோ அவ்வாறு விரும்பிய இடத்திற்குத் தாவ இயலாது. ஒழுங்கான சுழல்களும் நிபந்தனைகளுமே அங்கு உண்டு. ஆகவே, சிதறிய துண்டுகளைக் கண்டு, இங்கே முன்பு ஒரு சுழல் இருந்திருக்க வேண்டும், இங்கே ஒரு நிபந்தனை இருந்திருக்க வேண்டும் என்று ஊகித்து மீண்டும் கட்ட வேண்டியிருந்தது. உடைந்த பானை ஓடுகளைக் கொண்டு பானையின் உருவை மீட்கும் அகழ்வாய்வாளரின் வேலைக்கு இது ஒப்பாகும். ரீலூப்பர் என்னும் வழிமுறையால் ஸகாய் இதனைச் செய்தார். 2011ஆம் ஆண்டு ஓர் ஆய்வுக்கட்டுரையாகவும் வெளியிட்டார்.

மொழிபெயர்ப்பு மட்டும் போதவில்லை. சி நிரல் ஒரு கோப்பைத் திற என்று கேட்கும். உலாவியில் கோப்பு ஏது? படம் வரை என்று கேட்கும். அங்குள்ள வரைகலை முறை வேறு. எனவே நினைவகத்திலேயே ஒரு போலிக் கோப்பு முறையையும், பழைய வரைகலைக் கட்டளைகளை உலாவியின் வரைகலைக் கட்டளைகளாக மாற்றும் நூலகத்தையும், இன்னும் பல துணைப்பகுதிகளையும் எம்ஸ்கிரிப்டன் தன்னுடன் சுமந்து வந்தது. வேற்றூரில் குடியேறியவருக்குச் சொந்த ஊரின் கிணற்றையும் திண்ணையையும் அமைத்துக் கொடுப்பது போன்ற உபசாரம் இது. நேயர்கள் இதை நினைவிற் கொள்க. காத்தற்பணியின் பெருஞ்சுமை பின்னாளில் இங்கேதான் ஏறியது. மொழிபெயர்ப்பின் விதிகள் அரிதாகவே மாறும். சுற்றுப்புறமோ நாள்தோறும் மாறும்.

முதல் எம்ஸ்கிரிப்டன், தானே ஜாவாஸ்கிரிப்டில் எழுதப்பெற்றிருந்தது. சிறிய நிரல்களுக்கு அது போதுமாயிருந்தது. பெரிய நிரல்கள் வந்தபோது நேரமும் நினைவகமும் மிகுதியாகச் செலவாயின. மேலும், விளைந்த ஜாவாஸ்கிரிப்ட் ஓடிய வேகமும் போதவில்லை. 2013ஆம் ஆண்டு டேவிட் ஹெர்மன், லூக் வாக்னர், அலோன் ஸகாய் ஆகியோர் அசம்-ஜேயெஸ் என்னும் ஓர் ஒழுங்கை வகுத்தனர். ஜாவாஸ்கிரிப்டில் ஒரு மாறி எண்ணா எழுத்தா என்று முன்கூட்டித் தெரியாது. ஆனால் ஒவ்வொரு கணக்கின் பின்னும் ஒரு செங்குத்துக் கோட்டையும் சுழியையும் இட்டால், விடை முழு எண்ணாகவே அமையும் என்பது அம்மொழியின் விதி. அவ்விதியை ஒரு குறிப்பாகவே கொண்டு, இது முழு எண், ஐயம் வேண்டா என்று உலாவிக்கு அறிவித்தனர். அவ்வாறு எழுதியது இலக்கண வழுவற்ற ஜாவாஸ்கிரிப்டே ஆகையால், குறிப்பை உணர்ந்த உலாவி விரைந்து ஓட்டும். உணராத உலாவி மெல்ல ஓட்டும். எதுவும் ஓட்டாமல் விடாது. 2013 மார்ச் மாதத்தில், பத்து லட்சம் வரிகளுக்கு மேற்பட்ட அன்ரியல் என்னும் விளையாட்டுப் பொறியை நான்கே நாட்களில் பெயர்த்து உலாவியில் ஓட்டிக் காட்டினர்.

அதே காலத்தில் கூகுள் நிறுவனத்தார் வேறு வழியிற் சென்றுகொண்டிருந்தனர். நேட்டிவ் கிளையன்ட் என்னும் பெயரால் 2008 முதல் அவர்கள் உழைத்தனர். 2013ஆம் ஆண்டு பி-நாக்கிள் என்னும் வடிவையும் வெளியிட்டனர். வேகத்தில் அது சிறந்தது. ஆனால் பிற உலாவிகள் அதனை ஏற்கவில்லை. இரு அணிகளும் போட்டியாளர்களே. எனினும், எம்ஸ்கிரிப்டனின் இரண்டாம் தலைமுறை மொழிபெயர்ப்பியை ஸகாய் அமைத்தபோது, எதிரணியினர் எல்.எல்.வி.எம்.மின்மேல் செய்திருந்த திருத்தங்களையே அடித்தளமாக எடுத்துக்கொண்டார். இருதரப்பு நிரல்களும் யாவரும் படித்துப் பயன்கொள்ளத் திறந்து வைக்கப்பட்டிருந்தமையால் இது கூடிற்று. பாஸ்ட்கம்ப் என்று பெயர் பெற்ற அப்பகுதி பழையதைவிடப் பன்மடங்கு விரைந்தது. வழக்காடும் இரு வீட்டார், பொதுக்கிணற்றில் நீர் இறைப்பதை மட்டும் விடாதிருந்ததற்கு இதனை ஒப்பிடலாம். பின்னர் அவர்கள் ஒரே பந்தியில் அமர்வதற்கும் அக்கிணறே வழிவகுத்தது.

2015ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் மொசில்லா, கூகுள், மைக்ரோசாப்ட், ஆப்பிள் ஆகிய நான்கு நிறுவனத்தாரும் கூடி வெப்அசெம்பிளி என்னும் பொது வடிவத்தை உருவாக்கப் போவதாக அறிவித்தனர். ஜாவாஸ்கிரிப்டின் வேடம் இனி வேண்டா, கணினிக்கு நெருக்கமான ஈருறுப்பு வடிவம் ஒன்றை எல்லா உலாவிகளும் நேரே ஏற்கும் என்பதே உடன்பாடு. 2017ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் பயர்பாக்ஸும் குரோமும் அதனை ஏற்றன. அவ்வாண்டு முடிவதற்குள் சபாரியும் எட்ஜும் சேர்ந்தன. கூகுள் தன் பழைய முறையைக் கைவிடுவதாக அதே ஆண்டில் அறிவித்தது. அவ்வாண்டு வெளியான ஆய்வுக்கட்டுரையின் கணக்குப்படி, வெப்அசெம்பிளி நிரலின் பருமன் அசம்-ஜேயெஸ் நிரலின் பருமனில் சராசரியாக 62.5 விழுக்காடே. 2019 டிசம்பர் 5ஆம் நாள் உலகளாவிய வலை அமைப்பு அதனைத் தன் முறையான பரிந்துரையாக வெளியிட்டது.

வரலாற்று நூல்கள் எழுதப்படுமாயின் பெரும்பாலும் இந்த இடத்தில் வெற்றி முரசு கொட்டி முடித்துவிடும். நான் சொல்ல வந்த கதை இங்கேதான் தொடங்குகிறது.

புதிய வடிவம் பிறந்த அன்று, அதனை நேரே விளைவிக்கும் கம்பைலர் முதிர்ந்திருக்கவில்லை. எல்.எல்.வி.எம். குழுவினர் 2015 முதலே வெப்அசெம்பிளிக்கான பகுதியை அதனுள் கட்டத் தொடங்கியிருந்தனர். ஆனால் அது சோதனை நிலையிலேயே இருந்தது. அதுவரை பயனாளர்கள் காத்திருப்பார்களா? ஸகாய் 2015ஆம் ஆண்டிலேயே பைனரியன் என்னும் வேறொரு கருவியைத் தொடங்கியிருந்தார். பாஸ்ட்கம்ப் விளைத்த அசம்-ஜேயெஸ் நிரலை வாங்கி வெப்அசெம்பிளியாக மாற்றித் தரும் பாலமும் அதனுள் இருந்தது. இரண்டு முறை மொழிபெயர்ப்பது சுற்றுவழி என்பது அவர்களுக்குத் தெரியும். ஆனால் ஆற்றின்மேல் நிலையான பாலம் கட்டி முடியும்வரை ஓடத்தை நிறுத்துவது நேர்மையாகாது. 2018ஆம் ஆண்டில், வேறு எதுவும் கேட்காதவருக்கு வெப்அசெம்பிளியையே தருவது என்று எம்ஸ்கிரிப்டன் தன் இயல்பை மாற்றிக்கொண்டது.

பாஸ்ட்கம்ப் ஒரு பெரிய வசதியாயிருந்தது. அதுவே ஒரு பெரிய சுமையுமாயிற்று. அது எல்.எல்.வி.எம்.மிலிருந்து பிரிந்து சென்ற கிளை. தாய்மரம் ஆண்டுக்கு இருமுறை புதிய பதிப்பு கண்டு வளர்ந்துகொண்டிருந்தது. அந்த வளர்ச்சியை ஒவ்வொரு முறையும் கிளைக்குக் கையால் ஏற்ற வேண்டும். ஏற்றும் வேலையில் நாள் கழியும். ஏற்றாவிட்டால் கிளை பட்டுப்போகும். மேலும், பழைய முறையில் நிரலின் ஒரு மூலையில் ஒரு வரியை மாற்றினாலும், இறுதி இணைப்பின்போது முழு நிரலும் மீண்டும் மொழிபெயர்க்கப்படும். 2019 மார்ச்சில் வெளிவந்த எல்.எல்.வி.எம். எட்டாம் பதிப்பில் வெப்அசெம்பிளிப் பகுதி சோதனை நிலையைக் கடந்தது. அதில் ஒவ்வொரு கோப்பும் தனித்தனியே மொழிபெயர்க்கப்பட்டு, பின் இணைப்பியால் சேர்க்கப்படும். மாறிய கோப்பு ஒன்றை மட்டும் புதிதாகப் பெயர்த்தால் போதும்.

இப்போது முடிவு செய்யவேண்டிய வேளை வந்தது. ஸகாய் அப்போது கூகுளில் பணியாற்றினார். தாமே அமைத்து, தம் பெயரை நிலைநாட்டிய பகுதியை அகற்ற வேண்டும் என்னும் நிலை அவருக்கு. ஆக்கியவர்கள் பலர் இவ்விடத்தில் தடுமாறுவர். தாம் எழுதிய பாடப்புத்தகத்தை மாற்ற மனம் வராத ஆசிரியர்களை நான் கண்டிருக்கிறேன். பாடத்திட்டம் மாறிய பின்னும் பழைய குறிப்பேட்டையே கையிற் பற்றியிருந்தவர்களையும் கண்டிருக்கிறேன். அவர்களை நான் குறைகூறேன். தன் கைவேலையின்பால் உள்ள பற்று மனித இயல்பு. ஆனால் அப்பற்றின் விலையைப் பிள்ளைகள் கொடுக்க வேண்டியிருந்தது என்பதே கேள்வி.

எம்ஸ்கிரிப்டன் குழுவினர் அம்மாற்றத்தைச் செய்த முறை நம் கவனத்திற்குரியது. முதலில் புதிய வழியை விருப்பமுள்ளோர் சோதிக்கலாம் என்று திறந்து வைத்தனர். 2019 ஜூலையில் மாற்றத்தின் நன்மைகளையும், பயனாளர் காணக்கூடிய வேறுபாடுகளையும் வெளிப்படையாக எழுதி அறிவித்தனர். 2019 அக்டோபரில் 1.39.0 என்னும் பதிப்பில் புதிய வழி இயல்பான வழியாயிற்று. பழையது வேண்டுவோர் கேட்டுப் பெறலாம். 2020 ஆகஸ்டில் 2.0.0 என்னும் பதிப்பில் பழையது முற்றும் நீக்கப்பட்டது. அறிவித்தல், உடன் வைத்திருத்தல், முன்னிறுத்தல், அகற்றல் என்பன நான்கு படிகள். பழைய உலாவிகளுக்காக ஜாவாஸ்கிரிப்டே வேண்டும் என்போரையும் அவர்கள் கைவிடவில்லை. வெப்அசெம்பிளியை மீண்டும் ஜாவாஸ்கிரிப்டாக மாற்றும் கருவியைப் பைனரியனில் அமைத்தனர். முன்பு ஆறு எந்தத் திசையில் ஓடிற்றோ அதற்கு எதிர்த்திசையில் ஒரு வாய்க்கால் வெட்டியது போலாயிற்று. இரண்டு தனி வழிகளைக் காப்பதினும், ஒரு நேர்வழியையும் அதன் இறுதியில் ஒரு சிறு கிளையையும் காப்பது எளிது.

இனி, நாள்தோறும் நடக்கும் செப்பனிடும் பணிக்கு மூன்று சான்றுகள் கூறுவேன்.

முதலாவது, பிழை தேடல். பைனரியனின் தலையாய வேலை, நிரலின் பொருள் மாறாமல் அதனைச் சிறிதாகவும் விரைவாகவும் செதுக்குவது. செதுக்கும்போது பொருள் மாறிவிட்டால் கேடு பெரிது. நிரலை எழுதியவர் தம் பிழை என்றெண்ணி நாட்கணக்கில் தேடுவார். இதனைத் தடுக்க அவர்கள் ஒரு சோதனையை அமைத்தனர். தற்செயலாக உருட்டியெடுத்த எண்களின் வரிசை எதைக் கொடுத்தாலும், அதிலிருந்து இலக்கணம் வழாத ஒரு வெப்அசெம்பிளி நிரல் பிறக்கும். அந்நிரலைச் செதுக்குமுன் ஒருமுறையும் செதுக்கியபின் ஒருமுறையும் ஓட்டி விடைகளை ஒப்பிடுவர். வேறுபட்டால் பிழை அகப்பட்டது. உடனே மற்றொரு கருவி, பிழை மறையாதவரை அந்நிரலிலிருந்து பகுதி பகுதியாகக் கழித்துக்கொண்டே போய், சில வரிகளில் நிறுத்தும். கணக்கில் விடை தவறியபோது, தவறு எந்த வரியில் நுழைந்தது என்று பையனுக்குச் சுட்டிக் காட்டுவதற்கு இதைவிடச் சிறந்த முறையை நான் அறியேன்.

இரண்டாவது, எல்லைப்புறத்துக் களை. பெயர்த்த நிரலில் ஒரு பாதி வெப்அசெம்பிளியிலும், ஒட்டுப்பகுதி ஜாவாஸ்கிரிப்டிலும் இருக்கும். ஒவ்வொன்றையும் தனித்தனியே களையெடுக்கும் கருவிகள் உண்டு. ஆனால் இப்பக்கத்துப் பயனற்ற பகுதி ஒன்று அப்பக்கத்துப் பகுதியைக் கேட்பதாகவும், அப்பகுதி மீண்டும் இப்பக்கத்தைக் கேட்பதாகவும் அமைந்தால், இரு கருவிகளும், இது அங்கே தேவைப்படுகிறது போலும் என்று விட்டுவிடும். இரு கிராமங்களின் எல்லையில் வளர்ந்த கருவேலத்தை இரு ஊராரும் வெட்டாதது போன்றது இது. 2018ஆம் ஆண்டளவில் இரு பக்கத்தையும் ஒரே வரைபடமாகக் கண்டு களையும் முறையைப் பைனரியனிற் சேர்த்தனர்.

மூன்றாவது, காத்திருத்தல் என்னும் தொல்லை. சி நிரல், சிறிது பொறு என்று சொல்லி அப்படியே நிற்கும். உலாவியில் ஜாவாஸ்கிரிப்ட் அவ்வாறு நின்றால் பக்கம் முழுதும் உறைந்துவிடும். இதற்கு முன்னாளில், நிரலை உள்ளேயே ஒரு பொருள்கூறியால் ஓட்டும் முறை கண்டனர், அது மெதுவாயிருந்தது. 2019இல் அசின்சிபை என்னும் முறையைப் பைனரியனில் புதிதாக எழுதினர். நின்ற இடத்தின் நிலைமைகளை எல்லாம் எடுத்து வைத்துவிட்டு வெளியேறி, பின்னர் திரும்பி வந்து அதே இடத்திலிருந்து தொடர அது வழி செய்தது. ஆனால் நிரலின் பருமன் கூடிற்று. அடுத்து, உலாவியே அவ்வேலையை ஏற்கும் பொதுமுறை ஒன்று வகுக்கப்பட்டது. ஒரே வசதிக்கு அடுத்தடுத்து வழிகள் வந்தன. ஒவ்வொன்றும் முன்னதன் குறையைக் கண்டறிந்து வந்தது. பயனாளர் பெரும்பாலும் தம் சி நிரலைத் தொட வேண்டியதில்லை. செப்பனிடுதல் என்றால் இதுவே.

புறத்திலிருந்து வந்த சோதனைகளும் உண்டு. 2018 ஜனவரியில் ஸ்பெக்டர் என்னும் கணிப்பொறிக் குறைபாடு உலகிற்கு வெளியாயிற்று. பல இழைகள் பகிர்ந்துகொள்ளும் நினைவகத்தை உலாவிகள் உடனே மூடிவிட்டன. பல இழைகளில் ஓடும் நிரல்களைப் பெயர்த்து வைத்திருந்தோர் தவித்தனர். தக்க காவல்களோடு அது படிப்படியாகவே திரும்பியது. 2019இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர், பெரிய நிரல்களைக் கொண்டு அளந்து பார்த்து, வெப்அசெம்பிளி நேர்க்கட்டளையைவிடப் பயர்பாக்ஸில் சராசரியாக 45 விழுக்காடும் குரோமில் 55 விழுக்காடும் பின்தங்குகிறது என்று காட்டினர். 2020இல் வேறு ஆய்வாளர், உலாவியைத் தாக்க முடியாவிட்டாலும், பெயர்த்த நிரலின் சொந்த நினைவகத்திற்குள் பழைய சி மொழிக்குரிய ஓட்டைகள் அப்படியே உடன் வந்துவிடுகின்றன என்று மெய்ப்பித்தனர். இத்தகைய ஆய்வுகள் காப்போருக்குப் பகையல்ல. அளந்து சொல்பவர் இல்லாத இடத்தில் செப்பனிடுபவர் இருட்டில் தட்டுகிறார்.

இவ்வளவும் யாருக்காக? அதையே நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். 1982இல் பிறந்த ஆட்டோகேட் என்னும் வரைபட நிரல் 2018இல் இவ்வழியே உலாவிக்குள் வந்தது. 1990இல் வெளிவந்த போட்டோஷாப் 2021இல் வந்தது. இவை பெருநிறுவனங்களின் செல்வம். பொதுமக்களின் செல்வமும் உண்டு. 2015 ஜனவரியில் இணைய ஆவணக் காப்பகம், ஏறத்தாழ 2,400 பழைய டாஸ் விளையாட்டுகளை உலாவியிலேயே ஆடிப்பார்க்குமாறு வெளியிட்டது. அந்தப் பழங்கணினியைப் போலி செய்யும் நிரல் எம்ஸ்கிரிப்டனால் பெயர்க்கப்பட்டதே. ஒரு நூல் கிழிந்தால் தாளேனும் எஞ்சும். ஓட்டும் பொறி அழிந்த நிரல் இருந்தும் இல்லாததே. ஓலைச்சுவடிகள் நம்மிடம் வந்தது, செல்லரிக்குமுன் எவரோ ஒருவர் புதிய ஓலையில் பெயர்த்தெழுதினார் என்பதாலன்றோ?

கணக்கு ஆசிரியனாகிய எனக்கு நெருங்கிய சான்று மற்றொன்று. மார்கஸ் ஹோஹன்வார்ட்டர் என்பவர் 2001இல் ஆஸ்திரிய நாட்டில் தொடங்கிய ஜியோஜீப்ரா, இன்று பள்ளிக் கணக்கிற்கு உலகெங்கும் பயன்படும் நிரல். அதில் இயற்கணிதச் சமன்பாட்டைக் குறியீடாகவே தீர்க்கும் பகுதி, பிரான்சு நாட்டுக் கிரெனோபிள் நகரப் பேராசிரியர் பெர்னார்ட் பாரீஸ் எழுதிய ஜியாக் என்னும் சி பிளஸ் பிளஸ் நிரல். அது உலாவிக்குள் வந்ததும் எம்ஸ்கிரிப்டன் வழியேதான். ஒவ்வொரு கணினியிலும் மென்பொருளை நிறுவ அனுமதியும் ஆளும் தேடிப் பள்ளிகள் காத்திருந்த காலத்தை நான் பார்த்தவன். இப்போது ஏழை மாணவன் ஒருவன் கிடைத்த கணினியில் உலாவியைத் திறந்தால் போதும். இருபடிச் சமன்பாட்டின் வளைவை இழுத்துப் பார்க்கலாம். அவன் எம்ஸ்கிரிப்டன் என்னும் பெயரைக் கேள்வியுற்றிருக்க மாட்டான். ஆனால் அக்கருவித்தொடர் ஓராண்டு கவனிப்பாரற்றுக் கிடந்தால் அவன் பாடம் தடைப்படும்.

தமிழ் எழுத்துக்கும் இதில் பங்குண்டு. எச்.பி. நிறுவனத்தில் 1985இல் தொடங்கி, 2005இல் பொதுவில் திறந்துவிடப்பட்ட டெசராக்ட் என்னும் நிரல், அச்சுப் பக்கத்தின் படத்தைப் பார்த்து எழுத்துக்களை அறியும். தமிழும் அது அறிந்த மொழிகளுள் ஒன்று. அதன் உலாவி வடிவமும் இக்கருவித்தொடரின் விளைவே. பழுத்த தாளில் உள்ள ஒரு தமிழ்ப் பக்கத்தைப் படமெடுத்து, எங்கும் அனுப்பாமல், தன் கணினியிலேயே எழுத்தாக மாற்றிக்கொள்ள இன்று முடிகிறது. விடை முழுதும் திருத்தமாயிராது. மெய்ப்புத் திருத்துவோர் வேண்டும். அதுவும் ஒரு காத்தற்பணியே.

வெப்அசெம்பிளி நின்றுவிடவில்லை. 2021இல் பல எண்களை ஒருசேரக் கணக்கிடும் வசதியும், 2023இல் பயனற்ற நினைவகத்தைத் தானே மீட்கும் வசதியும் உலாவிகளுக்கு வந்தன. 2025 செப்டம்பரில் மூன்றாம் பதிப்பு நிறைவுற்றதாக அறிவிக்கப்பட்டது. பைனரியன் இன்று ஜாவா, கோட்லின், டார்ட் முதலிய வேறு மொழிகளின் நிரல்களையும் செதுக்குகிறது. ஆனால் ஒரு செய்தி எனக்குப் பெருவியப்பளித்தது. ஒவ்வொரு வெப்அசெம்பிளிக் கோப்பின் தலைப்பிலும் ஒரு பதிப்பெண் உண்டு. இத்தனை வளர்ச்சிக்குப் பின்னும் அந்த எண் ஒன்றாகவே இருக்கிறது. 2017இல் பெயர்த்த கோப்பு இன்றும் ஓட வேண்டும் என்பது அவர்கள் பூண்ட நோன்பு. வாசல் நிலையை மாற்றாமல் வீட்டை விரித்துக் கட்டியிருக்கிறார்கள்.

இவ்வரலாற்றிலிருந்து நான் பெறும் பாடங்கள் சில. காத்தல் என்பது பழையதை அப்படியே வைத்திருப்பதன்று. பழையதை நம்பி வந்தவரை நடுவழியில் விடாதிருத்தலே காத்தல். அதற்காகத் தன் கைவேலையையும் தானே பிரிக்க நேரிடலாம். பிரிக்கும்போது அறிவித்துப் பிரிக்க வேண்டும். மாற்று வழி நடக்கத்தக்கதாயிருக்க வேண்டும். தன் கண்ணுக்குச் சரியாகத் தோன்றுவது சரி என்று கொள்ளாமல், நாள்தோறும் சோதித்துப் பார்க்க வேண்டும். மாற்றார் ஆக்கியது நன்றாயின், அதன்மேல் கட்டுவதற்கு நாணலாகாது.

நம் இளைஞர்கள் பலர் கணினித் துறைக்குச் செல்கின்றனர். புதியதொன்றைப் படைத்துப் புகழ் பெறவேண்டும் என்னும் ஆவல் அவர்களுக்கு இயல்பு, அது வாழ்க. ஆயினும் எம்ஸ்கிரிப்டன் போன்ற பணிகளின் நிரல் முழுதும் யாவரும் படிக்கத் திறந்தே கிடக்கிறது. அதில் ஒரு பிழையைக் கண்டு, அதனைச் சில வரிகளுக்குச் சுருக்கி, திருத்தி அனுப்பும் மாணவன், முகமறியாத பல்லாயிரவர்க்கு நன்மை செய்தவனாகிறான். அவன் பெயர் ஒரு நீண்ட பட்டியலில் ஒரு வரியாக நிற்கும். அந்த ஒரு வரியைப் பெருமையாகக் கருதும் மனத்தை நம் பள்ளிகள் வளர்க்குமாயின், நாம் கற்பித்த கணக்கு வீண்போகவில்லை என்று என் போன்ற ஆசிரியர்கள் மகிழ்வோம்.